பூசைக்கு அடுக்கிய கதிரைகள்

பிள்ளைகளே, போன கிழமை காரில் பின்னுக்கு இருந்து நீங்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கதைத்தது எனக்குக் கேட்டது. "அப்பா சிரிச்சு நீ எப்பவாவது கண்டிருக்கிறியா?" என்று சின்னவள் கேட்டாய். "ஒருக்கா. நான் சைக்கிளோட வேலிக்குள்ள விழுந்த அண்டைக்கு" என்று பெரியவன் சொன்னாய். அது பிழை. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. பயத்தில் என் முகம் அப்படிப் போய்விட்டது.

நான் வாய்விட்டுச் சிரித்த நாள் ஒன்று இருக்கிறது. அதற்கு நீங்கள் வரவில்லை. "தமிழ் காமெடியா? வீ ஆர் குட், அப்பா" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திவிட்டீர்கள். ஆகவே இதை எழுதி வைக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைக்கும்தான் படித்தவன். மெதுவாக எழுத்துக்கூட்டி வாசியுங்கள். விளங்காத இடத்தை அம்மாவிடம் கேளுங்கள்.

போன வருடம் குளிர்காலத்தில் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். தனியே ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று சனத்தைச் சிரிக்க வைப்பதுதான் அவருடைய தொழில். முப்பது வயது இருக்கும். சிட்னி, மெல்பேர்ன் முடித்து ஒக்லாந்தில் சனி ஒன்று, ஞாயிறு ஒன்று என்று இரண்டு நிகழ்ச்சி; திங்கள் காலை திரும்பவேண்டும். ஏற்பாடு செய்தவர் நம் மன்னார் அண்ணைதான், வீட்டுக் குழாய் திருத்த வருவாரே, அவர். நான் விமான நிலையத்துப் பக்கத்தில் சரக்குக் கொட்டகையில் வேலை செய்கிறவன், பக்குரங்கா மண்டபத்தின் திறப்புக் கொத்தும் என்னிடம் இருக்கிறது என்பதால், அவரைக் கூட்டிக்கொண்டு திரிகிற வேலையும் கதிரை அடுக்குகிற வேலையும் எனக்கு வந்தன.

சனிக்கிழமை மெல்பேர்ன் விமானம் இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது. ஒரு சின்னப் பெட்டியும் கழுத்துத் தலையணையுமாக அந்தப் பிள்ளை வெளியே வரும்போது நாலு மணி. நிகழ்ச்சி ஐந்துக்கு. காரில் ஏறிப் பட்டியைப் போட்டதும் அவர் சாப்பாடு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. கொப்பி ஒன்றை எடுத்தார்.

"அண்ணா, இங்க நம்ம மக்கள் எதைப் பத்திப் புலம்புவாங்க?"

"புலம்பிறதோ? இஞ்ச ஒருத்தரும் புலம்பிறேல்ல, தங்கச்சி. மோர்ட்கேஜ், மழை, பிள்ளையள் தமிழ் கதைக்குதுகள் இல்லை. வேற ஒண்டுமில்லை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வேற ஒண்ணுமே இல்லையா? இதுவே ரெண்டு மணி நேரம் வருமேண்ணா!"

ஏன் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்கு உள்ளதைத்தான் சொன்னேன். பிறகுதான் சொன்னார், எந்த ஊருக்குப் போனாலும் கார் ஓட்டுகிறவரிடம் முதலில் இதைத்தான் கேட்பாராம். அந்த ஊர்ச் சங்கதி நாலைந்தைத் தொடக்கத்தில் சேர்த்துக்கொண்டால் சனம் நெருங்கி வருமாம்.

மண்டபத்தை நான் காலையிலேயே ஆயத்தம் செய்திருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பாதர் வந்து நம்முடைய தமிழ்ப் பூசையை அங்கேதான் வைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கதிரைகளைப் பத்து வருடத்துக்கு மேலாக அடுக்குகிறவன் நான். நூல் பிடித்ததுபோல் வரிசை. காணிக்கை கொண்டுபோகிறவர்கள் இடிபடாமல் போக நடுவில் அகலமான வழி. சனியன்று இன்னும் ஒரு படி மேலே போனேன். மேடைக்கு முன்னால் நல்ல இடம் விட்டு, பிரதம விருந்தினருக்கு இரண்டு சோஃபா, நடுவில் சிறுமேசை, அதில் பூங்கொத்து, தண்ணீர்ப் போத்தல். மன்னார் அண்ணை வந்து பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு" என்றார்.

நிகழ்ச்சி எப்படித் தொடங்கியது என்று கேளுங்கள். மங்கள விளக்கு. பிறகு ஒரு நிமிட மௌன அஞ்சலி. நம்முடைய நிகழ்ச்சி எதுவும் அது இல்லாமல் தொடங்காது. ஊரில் யுத்தத்தில் யாரை இழந்தோம் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பிறகு வரவேற்புரை. பிறகு பொன்னாடை. பொன்னாடை போர்த்திக்கொண்ட விருந்தினர்கள் வேறொரு பிறந்தநாளுக்குப் போகவேண்டும் என்று எழும்பிப் போனார்கள். அதன் பின் அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப இவ உங்களைச் சிரிக்க வைப்பா" என்று சொல்லி இறங்கினார்.

அந்தப் பிள்ளை மேடைக்கு வந்தார். அவருக்கு நேர் எதிரே இரண்டு வெறும் சோஃபா. அதற்குப் பின்னால் சனம் ஆளுக்கொரு மூலையாக, சுவரோரமாக, முக்கால்வாசிப் பேர் கடைசி நாலு வரிசையில். நான் வழக்கம்போலக் கதவடியில்.

ஒரு மணித்தியாலம் அவர் கதைத்தார். இங்கே ஒரு சிரிப்பு, அங்கே ஒரு இருமல். அவருடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். கடைசி இருபது நிமிடம் அவரைப் பற்றி. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றுகிறமாதிரியே நடத்துவாராம். முடிவில் இந்தப் பிள்ளை முதன்முதலாக வெளிநாடு புறப்பட்டபோது, விமான நிலையத்தில் கட்டிப்பிடிக்கத் தெரியாமல், கையசைக்கவும் கூச்சப்பட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு விசில் அடித்தாராம். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். மேடையில் அந்த இரண்டு விசிலை அவர் அடித்துக் காட்டினார். மண்டபம் சும்மா இருந்தது. வெளியே யாரோ கார் பூட்டுகிற சத்தம் கேட்டது.

முடிந்ததும் எல்லோரும் அவரோடு நின்று படம் எடுத்தார்கள். "சூப்பர்" என்றார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நின்றார். காரில் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. விமான நிலையத்துக்குக் கிட்ட மங்கரேயில் மோட்டல் வாசலில் இறங்கும்போது, "அண்ணா, நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் உங்க கார்ல உக்காரலாமா? இன்னிக்கு ஷோவ ரெக்கார்ட் பண்ணிருக்கேன், கேக்கணும். ரூம் சுவரு ரொம்ப மெல்லிசு. இன்னிக்கு வராத சிரிப்பு நாளைக்குப் பக்கத்து ரூம்லேருந்து வந்தா எனக்குத் தாங்காது" என்றார்.

ஞாயிறு காலை மங்கரேக் கடலோரத்தில் காரை நிறுத்தினேன். தூறல். அம்மா கட்டித் தந்த இடியப்பத்தை அவர் மடியில் வைத்துக்கொண்டு ஃபோனில் பதிவைப் போட்டார். அப்படித்தான் வேலை செய்வார்களாம். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிந்து, மறுநாள் கேட்டு, சிரிப்பு விழுந்த இடத்தில் ஒரு சரி, பெரிய சிரிப்புக்கு இரண்டு சரி, ஒன்றும் விழாத இடத்தில் ஒரு பூச்சியம். தலைக்கு மேலால் விமானம் இறங்கும்போதெல்லாம் பதிவை நிறுத்துவார், சத்தம் போனதும் திரும்பப் போடுவார். நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கொப்பியில் பூச்சியங்கள் வரிசையாக இறங்கின. இரண்டு விசில் வந்தது. பூச்சியம்.

"அப்பா போர்ஷனத் தூக்கிடறேண்ணா" என்றார்.

"ஏன்?"

"சிங்கப்பூர்ல ஒரு பெரிய விழா. முழு ஷோவோட வீடியோ கேட்டிருக்காங்க, நாளைக்குள்ள அனுப்பணும். பழைய ஜோக் வேணாம், புதுசா என்ன வச்சிருக்கேன்னு பாக்கணுமாம். அந்த இருபது நிமிஷம் ஒரு வருஷமா எழுதினது. சென்னைல நாப்பது பேர் ரூம்ல பிச்சிக்கிட்டுப் போச்சு. கடல் தாண்டினா போகலன்னா, அது எங்க வீட்டுக் கதை, அவ்ளோதான். இன்னிக்குப் பழசையே பேசிட்டு, அதையே வீடியோ எடுத்து அனுப்பறேன். எடுத்தா எடுக்கட்டும்."

சொல்லிவிட்டு இடியப்பப் பெட்டியின் மூடியைத் தட்டியபடி இருந்தார், திறக்கவில்லை. தேற்ற எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ, தங்கச்சி. இண்டைக்கும் நான் கதிரையளை வடிவா அடுக்கித் தருவன். நேற்றுப் பார்த்தனீங்கள்தானே, பூசைக்கு அடுக்கிறமாதிரியே அடுக்கினனான்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "எந்த மாதிரி?"

"பூசைக்கு. நடுவில வழி விட்டு."

"நடுவுல வழியா? எவ்ளோ அகலம்?"

பெருமையோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். என் கை ஒன்று கார்க் கண்ணாடியில் இடித்தது.

"முன்னாடி?"

"முன்னுக்குச் சோஃபா."

"அது தெரிஞ்சுது. சோஃபாவுக்கும் முதல் வரிசைக்கும்?"

"ஒரு பத்தடி விட்டனான். மரியாதைக்கு."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். விரலுக்கு நடுவால் சிரிப்புச் சத்தம் வந்தது. "எந்த ஹால் போனாலும் முதல்ல சேரைத்தான் பாப்பேண்ணா. நேத்து லேட்டாயிடுச்சு, நேரா மேடைக்கு வந்துட்டேன். லைட்டு கண்ணுல, சோஃபாவுக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியல. கேளுங்க, இப்பக் கேளுங்க" என்று பதிவைத் திரும்பப் போட்டார்.

இந்த முறை எனக்கும் கேட்டது. இடது பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள். அது நடு வழி வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. அது அடங்கிய பிறகு வலது பக்கத்தில் இரண்டு பேர் தொடங்குகிறார்கள். அதற்குள் இவர் அடுத்த கதைக்குப் போய்விட்டார், அவர்களும் மரியாதைக்கு நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்துத் தோள் குலுங்கினால்தான் நம்முடைய தோளும் குலுங்கும், அதுதான் சிரிப்பு என்று அவர் சொன்னார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையில் விமானச் சரக்குப் பெட்டிகளை விரல் நுழையாமல் நெருக்கி அடுக்குகிறவன், மனிதரை மட்டும் பத்தடி விட்டு அடுக்கியிருக்கிறேன்.

"தங்கச்சி, உங்கட ஒரு வருச வேலையை நான் கெடுத்துப்போட்டன்."

"கெடுக்கலண்ணா. நீங்க பண்ணது எவ்ளோ நல்ல செய்தி தெரியுமா? ஜோக்குல தப்பில்ல, சேர்லதான்." சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அப்போதுதான் சாப்பிடத் தொடங்கினார். "ஆனா நிச்சயமாத் தெரியாது. இன்னிக்குப் பாத்துட்டுத்தான் அப்பா இருக்காரா போறாரான்னு முடிவு."

பதினொரு மணிக்கு மண்டபம் திறந்தோம். அவர் மேடையில் நின்று கை காட்ட, நான் இழுத்தேன். நடு வழியை மூடினோம். வழி இரண்டு சுவரோரமும் போனது. வரிசைகளை அரைவட்டமாக வளைத்தோம். முதல் வரிசை மேடையிலிருந்து ஒரு பாய் நீளத்தில். பின்வரிசைக் கதிரை முப்பதைத் தூக்கிக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார்.

"சனம் வந்தா நிக்கவேண்டி வருமே?"

"நிக்கட்டும்ணா, அப்புறம் எடுத்துப் போடலாம். காலி சேர் சிரிக்காது."

மூன்று மணிக்கு மன்னார் அண்ணை வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன இது, மாட்டுச்சந்தையே? சோஃபா எங்கே?"

"உள்ளுக்குப் போட்டிட்டன், அண்ணை."

"உமக்கென்ன விசரே? இண்டைக்குச் சாமான் கடைக்காரர் வாறார், அவர்ர காசிலதான் மண்டபமே எடுத்தது. அவரை இந்தப் பிளாஸ்டிக் கதிரையில இருத்திறதே? ஆர் சொன்னது உமக்கு? ஓ, இப்ப நீர்தான் கதிரை டைரக்டரோ?"

நான் யாரோடும் எதிர்த்துக் கதைக்கிறவன் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் காலையில் பார்த்த பூச்சியங்கள் கண்ணுக்குள் நின்றன. "அண்ணை, நேற்று அந்தப் பிள்ளை தோத்தது நான் அடுக்கின கதிரையால. இண்டைக்கும் தோத்தா அவ அந்தக் கதையையே விட்டிடுவா. கடைக்காரரிட்ட நான் மன்னிப்புக் கேக்கிறன். இன்னொண்டு, மௌன அஞ்சலி முடிஞ்ச கையோட சிரிக்கச் சொன்னா சனம் எப்பிடிச் சிரிக்கும்? விளக்கு, அஞ்சலி, பேச்சு எல்லாத்தையும் முதல் வைப்பம். பிறகு தேத்தண்ணி. அதுக்குப் பிறகு அவ வரட்டும்."

அண்ணை கையிலிருந்த நிகழ்ச்சி நிரலை விரித்தார். "அஞ்சலியைக் குறைக்க ஏலாது."

"குறைக்கச் சொல்லேல்லை. அதுக்குரிய நேரத்தைக் குடுப்பம் எண்டுதான் சொல்லுறன்."

"சரி. ஆனா கடைக்காரருக்கு நீர்தான் பதில்."

கடைக்காரர் ஃபிஜிக்காரர், அவருடைய பாட்டன்மார் தமிழ்நாட்டுப் பக்கத்தவர்கள் என்றாலும் அவர் ஆங்கிலத்தில்தான் கதைப்பார். நான் கையைப் பிசைந்துகொண்டு சோஃபா இல்லாத கதையைச் சொன்னேன். "நல்லது, பிரதர். உங்கட அந்தச் சோஃபாவில ஒருக்கா இருந்தா என்ர முழங்காலுக்கு எழும்ப ஏலாது" என்று என் முதுகில் தட்டிவிட்டு, நேரே முதல் வரிசையில் போய் இருந்தார். மன்னார் அண்ணை வேறு பக்கம் பார்த்தார்.

மற்றவர்களைத்தான் அசைக்க முடியவில்லை. தேத்தண்ணீரும் ரோல்ஸும் முடிந்து உள்ளே வந்த சனம் வழக்கம்போலக் கடைசி வரிசையைத் தேடியது. நான் கதவை மறித்து நின்றேன். "முன்னுக்குப் போங்கோ. முன்னுக்கு இடமிருக்கு, அக்கா. உள்ளுக்குத் தள்ளி இருங்கோ, தம்பி."

"முன்னுக்கு இருந்தா அவ எங்களைக் கேள்வி கேப்பா!"

"கேட்டாச் சொல்லுங்கோ. ஒருத்தரையும் தின்னமாட்டா. நடந்துகொண்டே இருங்கோ!"

அவ்வளவு சத்தமாக நான் கதைத்ததை அம்மாவும் அன்றைக்குத்தான் கண்டாள். எல்லோரும் நெருக்கி இருந்த பிறகு முதல் வரிசையின் நடுவில் ஒரே ஒரு கதிரை மிஞ்சியது. அதில் இருக்க ஒருவருக்கும் துணிவில்லை. நான் போய் இருந்தேன். பின்னாலிருந்து அம்மா குனிந்து, "இண்டைக்கு மட்டும் அந்த முகத்தைக் கழட்டி வையுங்கோ" என்றாள்.

அந்தப் பிள்ளை மேடைக்கு வந்தார். மைக்கை எடுத்தார். மழையைப் பற்றி ஒன்று, மோர்ட்கேஜைப் பற்றி ஒன்று. சிரிப்பு ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வரை ஓடியதை என் முதுகால் உணர்ந்தேன். பழைய கதைகளையே அரை மணித்தியாலம் சொன்னார். எல்லாவற்றுக்கும் சனம் சிரித்தது. பிறகு சற்று நின்றார். தண்ணீர் குடித்தார். அப்பாவை எடுக்கப் போகிறாரா, விடப் போகிறாரா?

"எங்கப்பா பஸ் கண்டக்டர்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு நாள் பூரா பிளேன்ல உக்காந்து, உலகத்தோட கடைசிக்கு வந்து இறங்கினா, இங்கயும் எங்கப்பா வாசல்ல நிக்கிறாரு! 'முன்னுக்குப் போங்கோ, உள்ளுக்குத் தள்ளுங்கோ.' இவருக்குப் பையும் விசிலும்தான் இல்ல!"

மண்டபம் வெடித்தது. மன்னார் அண்ணை கதிரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என் காது சுட்டது.

அவர் விடவில்லை. அக்கா கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது அப்பா மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, படியில நிக்காத, உள்ள ஏறு" என்றாராம். நேற்றும் அதே வசனம்தான். நேற்று நான் கதவடியில் நின்று வெளியே மழை விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்த மனிதரை எனக்கு நேரில் தெரிந்தமாதிரி இருந்தது. இந்தப் பிள்ளை வகுப்பில் கடைசி ஆளாக வந்து, அடி விழும் என்று நடுங்கிக்கொண்டு ரிப்போர்ட்டை நீட்டினாராம். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கடைசி சீட்டும் சீட்டுதான். வண்டி போற எடத்துக்கு அதுவும் போகும்."

அதற்குத்தான் நான் சிரித்தேன், பிள்ளைகளே. எப்படி வந்தது என்று தெரியாது. வயிறு குலுங்கி, கண்ணாடி கழன்று மடியில் விழுந்து, பக்கத்திலிருந்த கடைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவருக்குத் தமிழில் பாதிதான் விளங்கியிருக்கும். நான் குலுங்கியதில் அவரும் குலுங்கினார்.

கடைசியில் விமான நிலையம் வந்தது. இரண்டு விசில் வந்தது. மண்டபம் ஒரு கணம் சும்மா இருந்தது. ஆனால் நேற்றையச் சும்மா இல்லை. பின்னால் ஒரு அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கைதட்டல் தொடங்கியது, அடங்கவில்லை.

சிங்கப்பூர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரு மாதம் கழித்து என் ஃபோனுக்கு இரண்டு வரி வந்தது: கூப்பிட்டுவிட்டார்கள், அப்பா இருக்கிறார். அதோடு அந்த ஊர் மண்டபத்துக் கதிரைகளை நீங்களே வந்து அடுக்குவீர்களா என்று ஒரு கேள்வி. நான் அதற்கு உண்மையாகவே லீவு இல்லை என்று பதில் போட்டேன். அவர் சிரிக்கிற பொம்மை முகம் ஒன்பது அனுப்பினார்.

ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு முந்தியது, அந்தத் திங்கள்கிழமை காலை. அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். "கவனம், தங்கச்சி" என்றேன். "வரேண்ணா" என்று போய்விட்டார். நான் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பத்து மணி இடைவேளைக்கு மற்றவர்கள் தேத்தண்ணீர் அறைக்குப் போன பிறகு, கொட்டகையின் பின்பக்கத்தால் வெளியே வந்தேன். கம்பி வேலிக்கு அப்பால் அவருடைய விமானம் மெதுவாக ஓடுபாதைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கையுறையைக் கழற்றி, இரண்டு விரலை வாயில் வைத்தேன். முதல் தரம் காற்றுத்தான் வந்தது. உதட்டைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்து, இரண்டு விசில் அடித்தேன்.